மடியில் இருந்த முடிச்சு

படம் என்றால் பார்த்ததும் இன்னதென்று தெரிய வேண்டும் என்று நினைக்கிறவள் நான். மயில் என்றால் மயில், மாங்காய் என்றால் மாங்காய். ஆரணியில் பட்டுப்புடவைக்கு டிசைன் போட்டு, ஜக்கார்டு அட்டை அடித்துக் கொடுப்பது என் தொழில். கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து மிஷினுக்குக் கொடுத்தால் அட்டையில் ஓட்டை விழும். அந்த ஓட்டை சொல்கிறபடிதான் தறியில் இழை எழும்பும். ஒரு கட்டம் தப்பினால் புடவை முழுக்க அந்தத் தப்பு திரும்பத் திரும்ப வந்து பல்லை இளிக்கும். அதனால் தப்பு என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அதைச் சரி செய்யாமல் என்னால் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது. இப்படிப்பட்டவளுக்கு வந்து வாய்த்தவர், குழாயில் தண்ணீருக்குப் பதில் தலைமுடி கொட்டுகிற மாதிரி படம் போடுகிற மனுஷன்.

என் கணவர் மிஷன் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். சாயங்காலம் வந்து டீயைக் குடித்ததும் ஜன்னலோரம், ரப்பர் மாதிரி இருக்கிற லினோலியத் தகடும் உளியுமாக உட்கார்ந்துவிடுவார். தகட்டில் செதுக்கி எடுத்த இடம் காகிதத்தில் வெள்ளையாக வரும், விட்டுவைத்த இடம் கறுப்பாக வரும். தகட்டின்மேல் ரோலரால் மையைத் தடவி, காகிதத்தைப் போர்த்தி, கரண்டியின் முதுகால் அரை மணி நேரம் தேய்ப்பார். அந்தக் கரண்டி என் சமையலறைக் கரண்டி.

"சாம்பார்ல மை வாசனை அடிக்குதுங்க" என்று நான் கத்துவேன்.

"உன் சாம்பாருக்கு அதாச்சும் ஒரு வாசனை கீதே, சந்தோஷப்படு" என்பார்.

கல்யாணமான புதிதில் அவர் ஒழுங்காகத்தான் படம் போட்டார். ஏரிக்கரை, கோயில் கோபுரம், சந்தையில் மாடு. என் அப்பா ஒன்றை வாங்கிச் சட்டம் போட்டுக்கூட மாட்டினார். மூன்றாவது வருடத்துக்கு அப்புறம்தான் எல்லாம் தலைகீழாகப் போனது. முதலில் அந்தக் குழாய் படம். தெருக்குழாயிலிருந்து அடர்த்தியாக முடி இறங்குகிறது. குடத்தை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிற பெண்கள் ஆளுக்கொரு சீப்பு வைத்திருக்கிறார்கள். அதற்கடுத்து படவேடு பஸ். ஒரு ஆள் கிடையாது, ஒவ்வொரு சீட்டிலும் இறுக்கி மூடிய ஒரு கை மட்டும் உட்கார்ந்திருக்கிறது. கண்டக்டர் பையிலிருந்தும் ஒரு மூடிய கைதான் எட்டிப்பார்க்கிறது. அப்புறம் திருமலை. சமணர் கோயில் இருக்கிற அந்த மலை, ஒருக்களித்துப் படுத்துத் தூங்குகிறது. குகை இருக்க வேண்டிய இடத்தில் பெரிய காது ஒன்று, மேல் நுனி மடங்கினாற்போல. இப்படியே வருஷத்துக்கு மூன்று, நான்கு. எல்லாப் படத்திலும் கீழ் மூலையிலிருந்து ஒரு நூல் கிளம்பி, எதையெதையோ சுற்றிக்கொண்டு மேலே போய் மறையும். அந்த நூல் மட்டும்தான் எனக்குப் புரிந்த பொருள். ஏதோ வெளிநாட்டுப் புத்தகத்தைப் படித்துவிட்டு ஆள் இப்படி ஆகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

"இன்னாங்க இது? குழாய்ல முடி வருது, மலைக்குக் காது முளைச்சிகினு கீது. பாக்கறவங்க இன்னா நெனைப்பாங்க?"

"கனவுல வர்றத அப்படியே வெட்டிப்புடணும். நடுவுல நின்னு யோசிச்சா பூடும்."

"நல்ல கனவா ஒண்ணு வரக் கூடாதா உங்களுக்கு?"

அவர் உளியைக் கல்லில் தீட்ட ஆரம்பித்துவிடுவார். ஒரு தடவை வீட்டு முன்கட்டில் இருக்கிற எங்கள் கடைக்கு வந்த பட்டு வியாபாரி ஒருவர், சுவரில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு அசந்து நின்றார். தறியிலிருந்து நெய்த துணி ஆறாக மாறி வாசல் தாண்டி ஓடுகிற படம் அது. ஆற்று மீன்களுக்கெல்லாம் ஜரிகைக் கரை. "மாஸ்டர், இந்த மீன் பார்டர எனக்குக் குடுத்துடுங்க, தீபாவளிக்கு எறக்கிடலாம்" என்றார். இவர் முடியாது என்று சொல்லிவிட்டார். மீனைக்கூடப் பிறருக்குத் தராத மனுஷனோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று அன்று முழுக்க நான் பொரிந்து தள்ளினேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இதைச் சொல்லாமல் மற்றது எதுவும் விளங்காது. கல்யாணமான மூன்றாவது வருடம் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது, பிறக்கும்போதே உயிர் இல்லை. வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள், எனக்கு மயக்கம் தெளிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. செத்துப் பிறந்த பிள்ளையைத் தாய்க்குக் காட்டக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பார்த்தால் மனசு விட்டுப்போகும், அடுத்தது தங்காது என்பார்கள். என் கணவரும் அவருடைய அக்காவும் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துப்போய், சர்ச்சுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். "பொண்ணு" என்று மட்டும் சொன்னார்கள். காட்டாமல் இருந்தும் எனக்குப் பால் கட்டிக்கொண்டது. காட்டாமல் இருந்தும் அடுத்தது தங்கவில்லை.

என் மகளை நான் பார்த்ததில்லை. இருபத்தோரு வருடமாக எனக்கு இருக்கிற ஒரே குறை அதுதான், மற்றதெல்லாம் வாய்ச் சவடால். எப்படி இருந்தாள் என்று அவரிடம் கேட்க எத்தனையோ தடவை வாயெடுத்திருக்கிறேன். சோறு போடும்போது, துணி மடிக்கும்போது, தேசூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பும்போது. அவர் முகத்தைப் பார்த்ததும் வேறு எதையாவது கேட்டுவிடுவேன். கேட்டால் அவர் உடைந்துபோவார் என்று நான் நினைத்தேன். சொன்னால் நான் உடைந்துபோவேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து அப்படியொரு மரியாதை காட்டிக்கொண்டோம், பாழாய்ப்போன மரியாதை.

போன வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் இருபது நாள் வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வலது கண்ணில் ஓயாமல் நீர் வடியும், பேச்சு மட்டும் இழுத்து இழுத்து வந்தது. வந்த பத்தாம் நாள் இடது கையை நீட்டி உளியைக் கேட்டார்.

"இந்தக் கையால இன்னாத்தங்க வெட்டப் போறீங்க?"

"ஒண்ணே ஒண்ணு. அது பாக்கி கீது."

தகடு நழுவாமல் இருக்க ஒரு ஓரத்தில் என் அரிசி டப்பாவைப் பாரமாக வைத்துக்கொண்டு, இடது கையால் நான்கு மாதம் செதுக்கினார். ஒரு நாளைக்கு இரண்டு விரல் அகலம் நகர்ந்தால் அதிகம். செதுக்கும்போது என்னைக் கிட்டே விடமாட்டார். முடிந்ததும் கூப்பிட்டார். தேய்க்கிற தெம்பு தன் கையில் இல்லை, நீதான் பிரிண்ட் எடுக்க வேண்டும் என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை வருடத்தில் அவருடைய தகட்டை நான் தொட்டதில்லை.

அவரை உள்ளே கட்டிலில் படுக்க வைத்துவிட்டு வந்து தகட்டைக் கவனித்தேன். அதில் இருந்தது நான். முதுகைக் காட்டிக்கொண்டு என் மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், முகமும் மடியும் பக்கவாட்டில் கொஞ்சம் தெரிகின்றன. என் முதுகு ஒரு கதவு, பாதி திறந்து கிடக்கிறது. மிஷினிலிருந்து அட்டைகள் படிக்கட்டு மாதிரி ஜன்னல் வழியாக வானத்துக்கு ஏறிப் போகின்றன, ஓட்டைகள் எல்லாம் நட்சத்திரம். வழக்கமான அந்த நூல் இந்தத் தடவை மேலே போகவில்லை. கீழ் மூலையிலிருந்து வந்து, கதவுக்குள் நுழைந்து, பக்கவாட்டில் வெளியே வந்து என் மடியில் முடிந்தது.

மை போடும் முன்னால் தகட்டின்மேல் விரலை ஓட்டினேன். இது எங்கள் வீட்டுப் பெண்களுக்குக் கூடவே பிறந்த பழக்கம். தறியிலிருந்து இறக்கிய புடவையை விரித்து, இன்ச் இன்ச்சாக விரலால் தடவிக்கொண்டே போவோம். எங்கேயாவது முடிச்சோ பிசிறோ தட்டுப்பட்டால் சின்ன இடுக்கியால் எடுத்துவிட வேண்டும். எட்டு வயதில் என் அம்மா கற்றுக்கொடுத்தது. கண் ஏமாந்தாலும் விரல் ஏமாறாது.

மடிக்கு வந்த இடத்தில் விரல் தட்டியது. சீராக வந்த நூல் அங்கே ஒரு புளியங்கொட்டை அளவுக்குப் பருத்துப்போயிருந்தது. அதன்மேல் தாறுமாறாகக் கீறல்கள். ஐயோ, கை நடுங்கிவிட்டது, இந்த இடத்தில் உளி வழுக்கியிருக்கிறது என்று நினைத்தேன். நான்கு மாத உழைப்பு, கடைசியில் போய் இப்படி ஒரு முடிச்சு விழுந்துவிட்டதே என்று எனக்கே பொறுக்கவில்லை. அவருடைய மெல்லிய கத்தியை எடுத்து இரண்டு பக்கமும் சீவினேன். நூலின் மற்ற இடம் எவ்வளவு கனமோ அவ்வளவுக்கு ஒரே சீராகக் கொண்டுவந்தேன். மீதியை நோண்டி எடுத்து, துணியால் துடைத்தேன். துகளை மற்ற குப்பையோடு முறத்தில் வாரிக் கொட்டினேன். பெருமையாகத்தான் இருந்தது.

இரண்டு பிரிண்ட் எடுத்தேன். கை ஓய்ந்துபோனது. நல்லதாக வந்ததை எடுத்துப்போய் அவர் மார்மேல் விரித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். இடது கை விரல் மெதுவாக மடிக்கு வந்து நின்றது.

"இங்க... ஒரு முடிச்சு... இருந்துதே."

"பிசிறா இருந்துதுங்க. எடுத்துட்டேன். இப்ப பாருங்க, எவ்ளோ நீட்டா கீது!"

அவர் என்னைப் பார்த்தார். "லென்ஸ்... வெச்சுப் பாத்தியா?"

எங்கள் கடையில் இழை எண்ணுகிற சின்ன மடக்கு லென்ஸ் ஒன்று உண்டு. அதைத்தான் சொல்கிறார். "இதுக்கெல்லாம் எதுக்குங்க லென்ஸு? கைக்கே தெரிஞ்சுது" என்றேன்.

வலது கண்ணிலிருந்து நீர் வழிந்தது. எப்போதும் வழிகிற கண்தானே என்று முந்தானையால் ஒற்றி எடுத்தேன். அப்புறம் இடது கண்ணையும் ஒற்ற வேண்டியிருந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. மாத்திரை போடுகிற நேரமாகிவிட்டது என்று எழுந்தேன்.

"சரி உடு" என்றார். "உன் கை பட்டுதில்ல. போதும்."

பென்சிலைக் கேட்டு வாங்கி, கீழே இடது கையால் கோணல் மாணலாகக் கையெழுத்துப் போட்டார். அதற்கு மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச் மணி அடிக்கும்போது இரண்டாவது தடவை பக்கவாதம் வந்து, வேலூருக்கு வண்டி ஏற்றுவதற்குள் போய்விட்டார்.

நான்கு மாதம் கழித்து அவரிடம் படித்த பெண் ஒருத்தி சென்னையிலிருந்து வந்தாள். இப்போது அவளே ஓவியக் கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். சாருடைய படங்கள் முழுவதையும் சேர்த்துக் கண்காட்சி வைக்க வேண்டும் என்றாள். சார் சர்ரியலிஸ்ட், கனவை அப்படியே படமாக்குகிறவர், தமிழ்நாட்டில் இந்த மாதிரி லினோவில் செய்தவர்கள் ரொம்பக் குறைவு என்றெல்லாம் சொன்னாள். நான் காபி போட்டுக் கொடுத்தேன். பெட்டியிலிருந்து எடுத்து எல்லாவற்றையும் தரையில் பரப்பினாள். கனவுப் படங்கள் மட்டும் அறுபதுக்கு மேல் இருந்தன. முட்டி போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனவள், கடைசிப் படத்தில் வந்து நின்றாள்.

"ஆன்ட்டி, எல்லாப் படத்துலயும் அந்த நூல்ல ஒரு குட்டி முடிச்சு இருக்கு பாத்தீங்களா? அதுதான் சாரோட அடையாளம்னு நெனைச்சேன். இதுல மட்டும் ஏன் இல்ல?"

நான் குனிந்து பார்த்தேன். "எல்லாத்துலயும் கீதா?" என்றேன்.

"எல்லாத்துலயும். ஒண்ணுகூட விடல. அந்த முடிச்சுக்குள்ள என்னமோ செதுக்கியிருக்காரு, கண்ணுக்குச் சரியா தெரியல."

லென்ஸை எடுத்துவந்தேன். குழாய் படத்தின்மேல் வைத்தேன். ஆயிரக்கணக்கான புடவைக்கு இழை எண்ணிய லென்ஸ் அது. நூலின் நடுவில் பருத்திருந்த அந்தப் புளியங்கொட்டைக்குள் ஒரு குழந்தை சுருண்டு படுத்திருந்தது. ஊசி முனையால் கீறினது போன்ற வெள்ளைக் கோடுகள். தலை நிறைய முடி. மார்போடு சேர்த்துவைத்த கை, இறுக்கி மூடியிருந்தது. காதின் மேல் நுனி மடங்கியிருந்தது. கண் மூடியிருந்தது.

அடுத்ததை எடுத்தேன். பஸ் படத்தில் டிரைவர் கண்ணாடிக்கு மேலே இருந்தது. மலைப் படத்தில் மலையடிவாரத்தில். மீன் படத்தில், அந்த வியாபாரி கேட்ட மீன் ஒன்றின் வாய்க்குப் பக்கத்தில். அதே குழந்தை, அதே மூடிய கை. அந்தப் பெண் என் தோளைப் பிடித்து "ஆன்ட்டி, ஆன்ட்டி" என்று உலுக்கியது நினைவிருக்கிறது. நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

மறுநாளே அவருடைய அக்காவை வரச் சொன்னேன். அவர்களுக்குக் கண் சரியாகத் தெரியாது, கண்ணாடியையும் போட்டுவிட்டு, மேலே லென்ஸையும் பிடித்துக் குழாய் படத்தைக் காட்டினேன். பார்த்ததும் அவர்கள் கை வாய்க்குப் போனது.

"அய்யோ ஏசப்பா... அப்படியே கீதேடி!"

"சொல்லுங்கக்கா. இப்பயாச்சும் சொல்லுங்க."

"தலையெல்லாம் முடிடி, ஆறு மாசப் புள்ளைக்கிகூட அவ்ளோ முடி இருக்காது. கைய மூடிகினு இருந்துது, நானு விரல பிரிக்கப் பாத்தேன், தம்பிதான் வேணாம்னு தடுத்துட்டான். காது இப்படி மடங்கி... உன் காது மாதிரியேடி. உனக்குக் காட்டக் கூடாதுன்னு எல்லாரும் சொல்ல சொல்ல, அவன் மட்டும் காட்டணும் காட்டணும்னு அழுதுகினு இருந்தான். நாங்கதான் உடல."

நான் என் காதைத் தொட்டுப் பார்த்தேன். மேல் நுனி மடங்கியிருக்கிறது. பிறந்ததிலிருந்து அப்படித்தான். தினமும் கண்ணாடியில் பார்க்கிற காதை, ஒரு மலையின்மேல் அத்தனை பெரிதாகச் செதுக்கி வைத்தும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. குழாயில் வந்தது அவள் முடி. பஸ்ஸில் உட்கார்ந்திருந்தது அவள் கை. அவர் எதையும் ஒளித்துவைக்கவில்லை, என் வீட்டுச் சுவரிலேயே மாட்டி வைத்திருந்தார். நான் அதன் கீழே நின்று காய் நறுக்கினேன், கேலி பேசினேன்.

கோபமும் வருகிறது, பொய் சொல்ல மாட்டேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? இந்தா, இவள்தான் நம் பெண் என்று ஒரு தடவை விரலை வைத்துக் காட்டியிருந்தால் என்ன? இப்படித் திட்டிக்கொண்டே இருக்கும்போது, அந்த லென்ஸ் கேள்வி வந்து வாயை அடைத்துவிடும். கடைசியாக ஒரு தடவை காட்டத்தான் பார்த்திருக்கிறார். இருபத்தோரு வருடம் நூலின் வழியில் எங்கேயோ படுத்திருந்தவளை, ஒற்றை இடது கையால் நான்கு மாதம் செதுக்கி, என் மடியில் கொண்டுவந்து வைத்தார். நான் கத்தியை எடுத்துச் சீவி, முறத்தில் வாரி, குப்பையில் கொட்டிவிட்டு, நீட்டாக இருக்கிறது பாருங்கள் என்று அவரிடமே காட்டினேன்.

மற்ற படங்கள் சென்னைக்குப் போய்விட்டன. கடைசிப் படத்தையும் அந்தப் பெண் கேட்டாள், தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டாள். நான்தான் அதைக் கெடுத்தேன் என்று சொன்னேன், எப்படிக் கெடுத்தேன் என்பதையும் சொன்னேன். கண்காட்சி முடிந்ததும் குழாய் படத்தை மட்டும் திருப்பி அனுப்பிவிடுகிறேன், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று பஸ் ஏறும்போது சொன்னாள்.

"உன் கை பட்டுதில்ல, போதும்" என்று அவர் சொன்னது என்ன என்று இப்போது புரிகிறது. பிரிண்ட் எடுத்துக் கொடுத்ததற்காகச் சொல்கிறார் என்று அன்று நினைத்தேன். அவர் மகளைத்தான் சொல்லியிருக்கிறார். மை போடும் முன்னால் ஒரு நொடி என் விரலில் அவள் தட்டுப்பட்டாள். எங்களுக்குள் நடந்தது அவ்வளவுதான்.

தகடு என்னிடம்தான் இருக்கிறது. மிஷினை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகும் முன்னால் அதை எடுத்து, மடி இருக்கிற இடத்தில் விரலை ஓட்டிப் பார்ப்பேன். ஏதாவது கொஞ்சம் மிச்சம் விட்டிருப்பேனா என்று. வழவழவென்று இருக்கிறது. அன்றைக்கு வேலையைச் சுத்தமாகத்தான் செய்திருக்கிறேன்.